அவருக்குப் போட்ட மாலை

அவள் மேல் எனக்கு முதன்முதல் பொறாமை வந்தது சேலையால். உடுக்கிற சேலை இல்லை, மண் நிரப்பின சேலை.

சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் கடற்கரையோரம் கிடந்தோம். களிமண் நிலத்தில் குழி தோண்டினால் சுவர் தானாக நிற்கும். கடற்கரை மணல் தோண்டத் தோண்டச் சரியும். அதனால் சேலையை வெட்டிப் பையாகத் தைத்து, மணல் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் பங்கருக்குச் சுவர் எழுப்ப வேண்டும். யாரிடம் எத்தனை சேலை இருந்ததோ அந்த அளவுக்குத்தான் அவர்களின் சுவர். என்னிடம் இருந்தவை துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலைகள். ஒரு மழைக்கே தையல் விட்டு மணல் கொட்டிவிடும். கூறைச் சேலையை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் ஷெல் விழுந்து ஒரு குடும்பமே போன அன்று அதையும் வெட்டினேன்.

அவளுடைய புருசன் மன்னார்ப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு இடமாக ஓடியபோதும் கடைத் துணிகளைக் கட்டுக் கட்டாக உழவு மெசினில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் அரிசியும் சட்டி பானையும் ஏற்ற, இவர்கள் துணியை ஏற்றுகிறார்களே என்று வழியில் சனம் சிரித்ததாம். கடற்கரைக்கு வந்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய பங்கர் எங்களுடையதற்கு அடுத்தது. பட்டுச் சுவர். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். வெயில் பட்டால் சரிகைக் கரை மினுங்கும். சுற்றிவரச் சனம் செத்துக்கொண்டிருந்தது. நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சுவருக்குள் இருந்தால் நானும் கண் மூடலாம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவள் இரண்டு சேலைகளைச் சுருட்டி எங்கள் பக்கம் எறிந்தாள்.

"அக்கா, இதையும் தைச்சு வையுங்கோ. உங்கடை கிழக்குப் பக்கம் பதிஞ்சு கிடக்கு."

"வேண்டாம் தங்கச்சி. எங்களுக்குக் காணும்" என்றேன்.

உள்ளே குந்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வாங்கப்பா. ஷெல் உன்ரை ரோசத்தைப் பாத்து விழாது" என்றார்.

வாங்கினேன். தைத்தேன். அந்தச் சேலைகள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றின என்றும் சொல்லலாம். ஆனாலும் அவள் எறிந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இருக்கிறவள் இல்லாதவளுக்கு எறிகிற விதம்.

அந்த நேரத்திலும் பொறாமையா என்று என் மகள் கேட்பாள். அந்த நேரத்தில்தான். அங்கே உயிரும் சாவும் ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் சேலைக் கட்டில் இருந்தது. வேறு எதைப் பார்த்துப் பொறாமைப்பட?

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். சண்டையைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவது எனக்கு விளங்காது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான். சின்ன வயதில், சண்டை என்றால் துவக்குப் பிடித்தவனும் துவக்குப் பிடித்தவனும் அடிபடுவது என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. சனத்துக்குள் இயக்கத்துப் பெடியள் இருக்கிறார்கள் என்று ஆமி சனத்தின் மேல் அடித்தான். சனம் போய்விட்டால் தங்களுக்கு மறைப்பு இல்லை என்று பெடியள் சனத்தைப் போக விடவில்லை. போகப் பார்த்தவர்களைச் சுட்டதும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளைத் தாயின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதும் உண்டு. இன்ன இடத்துக்குப் போனால் அடிக்க மாட்டோம் என்று அரசாங்க ரேடியோவில் சொல்வார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கேயும் விழும். பிறகு அதைவிடச் சின்னதாக ஒரு இடம் சொல்வார்கள். அரிசி வராது, மருந்து வராது. பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கிக் கூரையில் செஞ்சிலுவை அடையாளம் கீறினார்கள். கீறின பிறகு கூடுதலாக விழுகிறது என்று சனம் கதைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பித் தூரப் போய்விட்டார்கள். காயம்பட்டவனுக்குப் பக்கத்தில் இருப்பதே ஆபத்து என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு சனத்தை எப்படி முடிப்பது என்று யாரோ இருந்து யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். அது எழுந்தமானமாக நடக்கிற காரியம் இல்லை.

கஞ்சி ஊற்றுகிற இடம் ஒன்று இருந்தது. பெரிய கிடாரத்தில் தண்ணீரும் உப்பும் கொஞ்ச அரிசியும். வரிசையில் முன்னுக்கு நின்றால் வெறும் தண்ணீர்தான் வரும், சோற்றுப் பருக்கை அடியில் கிடக்கும். பின்னுக்கு நின்றால் கிடாரம் முடிந்துவிடும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் நிற்கத் தெரிய வேண்டும். துணிக்கடைக்காரருக்கு அது தெரிந்திருந்தது. வியாபாரி அல்லவா. அவர் கொண்டுவருகிற பாத்திரத்தில் எப்போதும் பருக்கை இருக்கும். என் வீட்டுக்காரர் நேர்மையான மனிதர், போன உடனே வரிசையில் முன்னுக்கு நின்றுவிடுவார். தண்ணீரோடு வருவார்.

ஒரு காலை அந்த வரிசையில் ஷெல் விழுந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்று காய்ச்சல், போகவில்லை. துணிக்கடைக்காரர் போயிருந்தார். பின்னேரம் வரைக்கும் அடி ஓயவில்லை. நான் தலையை வெளியே நீட்டியபோது பட்டுப் பங்கருக்குப் பக்கத்தில் மண் மேடு ஒன்று இருந்தது. அவள் அலுமினியக் கோப்பையால் அதைத் தட்டிச் சரிப்படுத்திக்கொண்டிருந்தாள். தடியில் சிலுவை கட்டி நட்டிருந்தாள். அவள் அழவில்லை. நான் ஊர்ந்து போய் அவளுடைய தலையைப் பிடித்தேன்.

அன்றைக்கு எனக்குப் பொறாமை இல்லை. என்னுடையவர் உயிரோடு பங்கருக்குள் இருமிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான்தான் பணக்காரி.

அது ஒரு கிழமை கூட நிலைக்கவில்லை. அவளுடைய கெண்டைக்காலில் ஷெல் துண்டு ஏறியது. காயக்காரரை ஏற்ற வந்த கப்பலில் அவளை ஏற்றினார்கள். அந்தக் காலைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். என் காலில் ஒன்று பட்டிருந்தால் நானும் ஏறியிருப்பேன், துணைக்கு என்று அவரையும் ஏற்றியிருப்பேன்.

நாங்கள் முடிவு மட்டும் இருந்தோம். முடிவில் கைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து ஆமியின் பக்கம் போனோம். அங்கே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், பெடியளுக்கு ஒரு நாள் வேலை செய்தவராக இருந்தாலும் இந்தப் பக்கம் வாருங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. அவர் பெடியளின் களஞ்சியத்துக்கு உழவு மெசின் ஓட்டியவர். சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் கையைப் பிடித்தேன்.

"சொல்லாமல் விட்டு நாளைக்கு ஆரும் காட்டிக் குடுத்தா அதுதான் பிழை. நீ போய் அந்த நிழலிலை இரு, வாறன்" என்றார்.

பஸ் ஒன்று நின்றது. ஏறினார். ஜன்னல் பக்கம் இருந்தார். பஸ் போய்விட்டது. நிழல் என்றது ஒரு முறிந்த பனையின் நிழல். அது நகர நகர நானும் நகர்ந்து இருந்தேன்.

அதற்குப் பிறகு முகாம், பிறகு அவரைக் கேட்டுத் திரிந்த அரசாங்கக் கந்தோர்கள். அதையெல்லாம் எழுத எனக்கு விருப்பம் இல்லை. என் மகள் சண்டைக்கு முந்தியே கலியாணம் கட்டி இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்தவள். அவள்தான் என்னை இங்கே எடுத்தாள்.

வந்து சில மாதத்தில் பல்லரோச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றேன். "அக்கா" என்று ஒரு குரல். திரும்பினால் அவள். வெள்ளை பிளவுஸ், நொண்டி நடை. தமையன் கூப்பிட்டு எடுத்ததாம். கட்டிப் பிடித்தாள். பிடித்த கையை விட்டுவிட்டு முதலில் என் நெற்றியைத்தான் பார்த்தாள். பிறகு கழுத்தை.

"அவர்?" என்றாள்.

"வருவார்" என்றேன்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் அதே பதில்தான். இங்கே இருக்க அனுமதிப் பத்திரம், பெர்மெசோ, எடுக்கப் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் 'வேதோவா?' என்று கேட்டாள். விதவையா என்று. இல்லை என்றேன். பொட்டும் தாலியும் இருக்கிறது, அவளுக்குக் கண் இல்லையா?

நாங்கள் இருவரும் சந்தைக்குப் பக்கத்து அல்பெர்கேரியாவில் ஒரே கோவிலுக்குத்தான் போகிறோம். தமிழ்ப் பூசை நடக்கிற பழைய கத்தோலிக்கக் கோவில். நான் வயதில் மூத்தவள். கடைசி மட்டும் உள்ளே இருந்தவள். ஆனால் கோவிலில் அவளுக்குத்தான் மரியாதை. அவளுக்கு நடந்தது ஒரு கதையாக முடிந்திருக்கிறது. புருசன் கஞ்சிக்குப் போனார், ஷெல் விழுந்தது, என் கையால் மண் போட்டுத் தாட்டேன். கேட்கிறவர்களுக்கு அழத் தெரியும். என் கதைக்கு எந்த இடத்தில் அழுவது என்று ஒருவருக்கும் தெரியாது. வடக்கு இத்தாலியிலிருந்து கமராவோடு இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். அவளை ஒரு பின்னேரம் முழுக்க இருத்திவைத்துக் கதைத்தார்கள். பிறகு என்னிடம் வந்தார்கள். அவர் பஸ் ஏறிப் போனார் என்று சொன்னேன்.

"அது வேறை பகுதி அம்மா. காணாமல் போன ஆக்களுக்கு எண்டு தனியாச் செய்யிறம். பேந்து வாறம்" என்றார்கள்.

இன்னும் வரவில்லை.

மரித்தோர் திருநாள்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பாடு. இந்த ஊரில் அந்த நாளில் எல்லாரும் செவ்வந்திப் பூவோடு சேமக்காலைக்குக் கல்லறை பார்க்கப் போவார்கள். பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மையும் பழம் மாதிரிச் செய்த இனிப்பும் வாங்கி, செத்தவர்கள் கொண்டுவந்து தந்ததாகச் சொல்வார்கள். சம்பளத்துக்கு நான் காலையில் பார்த்துக்கொள்ளுகிற இத்தாலியன் கிழவி, சிஞ்ஞோராவுக்கு என்னைவிட வயது கூட. அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நானும் போவேன். அங்கே சுவரில் அலுமாரி மாதிரி மேலும் கீழும் அறைகள். அவளுடைய புருசன் ஒன்றில். அவருடைய படம், பேர், சின்ன விளக்கு. பக்கத்து அறை வெறுமை, அது இவளுக்கு. அவள் ஈரத்துணியால் அந்தக் கல்லைத் துடைக்கச் சொல்வாள். வெறுமையாக இருக்கிற கல்லையும் துடைக்கச் சொல்வாள். புருசனின் பக்கத்தில் தனக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்து வாழ்கிற மனுசி. அந்த வெறுங்கல்லை நான் கனநேரம் துடைப்பேன். அக்கறையால் என்று அவள் நினைப்பாள்.

பின்னேரம் எங்கள் கோவிலில் தமிழ்ப் பூசை. உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுக்கிற பூசை. குடும்பங்கள் தங்கள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து பீடத்தின் படிகளில் வைப்பார்கள். மாலை போட்டு மெழுகுதிரி கொளுத்துவார்கள். நடுவில் ஒவ்வொரு வருசமும் துணிக்கடைக்காரர். நல்ல சட்டமிட்ட படம். பூசை முடிந்ததும் அவள் சட்டத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சனம் சுற்றி நிற்கும். நான் பின்வரிசை வாங்கில் இருந்து பார்ப்பேன். அழுவதற்குக் கை வைக்க ஒரு சட்டம். அதுதான் எனக்கு எரியும். என்னுடையவரின் படம் வீட்டில் சுவரில் இருக்கிறது. மாலை இல்லை. உயிரோடு இருக்கிறவருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

வாயுள்ளவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒரு தரம் கோவில் முற்றத்தில் தேத்தண்ணீர் ஊற்றும்போது எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "வருசத்துக்கு வருசம் பொட்டுப் பெருக்குது. ஆளைத்தான் காணேல்லை."

திரும்பி, "உன்ரை ஆள் வீட்டிலைதானே இருக்கிறார். பாத்தா இருக்கிறமாதிரித் தெரியேல்லை" என்றேன். அவளுடைய புருசன் பகல் முழுக்கச் சீட்டாடுகிறவன்.

போன மரித்தோர் திருநாளுக்கு நான் சற்றுப் பிந்திப் போனேன். சிஞ்ஞோராவைக் கொண்டுபோய் விட்டு, உடுப்பு மாற்றி வர நேரமாகிவிட்டது. பாட்டுத் தொடங்கவில்லை. நடுவழியால் நடந்து போகும்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

துணிக்கடைக்காரருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

அதே மாதிரிச் சட்டம். வெள்ளைச் செவ்வந்தி மாலை. முன்னால் மெழுகுதிரி. மகளின் கலியாணத்தில் எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, கடைக்காரன் நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டிருந்தான். செத்தவர்களின் படத்துக்கு எங்கள் ஆட்கள் அப்படித்தான் கோட்டுப் போடுவிப்பார்கள். அவர் தன் சீவியத்தில் கோட்டுப் போட்டவர் இல்லை. மகளின் கலியாணத்துக்கே சட்டையின் மேல் பொத்தான் பூட்டமாட்டேன் என்று நின்றவர்.

மகள் முன்வாங்கில் இருந்தாள். எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இருங்கோ. பூசை முடியட்டும்."

"நீயே படம் குடுத்தனி?"

"அவ கேட்டவ. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் எண்டவ." அவள் குரல் இறங்கியது. "எவ்வளவு காலத்துக்கு அம்மா? அப்பாவுக்கு ஒரு செபம் சொல்ல எனக்கும் விருப்பம் இருக்குதானே."

நான் அவளுடைய கையை எடுத்துவிட்டேன். படிக்குப் போனேன். மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். மாலையைக் கழற்றிப் படியில் வைத்தேன். படத்தைத் தூக்கினேன். பூசை வைக்கிற சுவாமி, பீடத்துக்குப் பின்னாலிருந்து பூசை உடுப்போடு வந்தவர், அப்படியே நின்றார்.

"அம்மா, பூசை முடியக் கதைப்பமே" என்றார் மெல்ல.

"கதைப்பம் சுவாமி" என்றேன். நான் மரியாதை தெரியாதவள் இல்லை. படத்தோடு போய்ப் பின்வாங்கில் இருந்தேன். மடியில் வைத்துக்கொண்டேன். பூசையில் பேர்கள் வாசித்தபோது சுவாமி ஒரு இடத்தில் நிறுத்தினார். என் பக்கம் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பேரை விட்டுவிட்டு அடுத்ததை வாசித்தார்.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்தேன். சனம் எனக்கு வழி விட்டது. யாரும் கிட்ட வரவில்லை. மதிலோரம் ஒரு கல்வாங்கு இருக்கிறது, அதில் இருந்தேன். அவள் வந்தாள். கையில் அந்த மாலை.

"என்னக்கா இப்பிடிச் செய்துபோட்டியள்?"

"நீர் என்ன செய்தனீர்?"

"நல்லதுக்குத்தானே செய்தனான்."

"எனக்கு எது நல்லது எண்டு உமக்கு ஆர் சொன்னது? அண்டைக்குச் சேலையை எறிஞ்சமாதிரி இண்டைக்கு ஒரு சட்டத்தை எறியிறீரோ?"

அவளுக்குச் சேலைக் கதை மறந்தே போயிருந்தது. "எந்தச் சேலை?" என்றாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

"உன்ரை மனுசனை நீ தாட்டனி" என்றேன். நீர் என்பது போய் நீ வந்துவிட்டது. "உன்ரை கையாலை மண் போட்டனி, சிலுவை நட்டனி. அழ உனக்கு இடம் இருக்கு. பூசைக்குப் பேர் இருக்கு. என்ரை மனுசனை ஆர் தாட்டது? எங்கை தாட்டது? ஆர் பாத்தது? ஒருத்தரும் பாக்காத சாவுக்கு நீ மாலை போடுறியோ?"

அவள் பக்கத்தில் இருந்தாள். காலை நீட்டி வைத்தாள், அந்தக் கால் மடங்காது. முற்றத்தில் மற்றவர்கள் பிளாஸ்ரிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் வெளியிலை வரேக்கை மண் மூடியாச்சு என்ன?"

"ஓம்."

"முகத்தைப் பாக்கேல்லைத்தானே நீங்கள்."

"இல்லை."

"நானும் பாக்கேல்லை." மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளினாள். "பாக்க முகம் இருக்கேல்லை. ரெண்டு பெடியள் பாயிலை சுத்திக்கொண்டு வந்தவங்கள். கட்டியிருந்த சாரத்தைக் காட்டி, உங்கடை ஆள்தானே அக்கா எண்டு கேட்டவங்கள். நான் ஓம் எண்டனான்."

"சாரம் தெரியும்தானே உமக்கு."

"கடைச் சாரம். நீலக் கட்டம் போட்டது. ஒரு முழுக் கட்டு இருந்தது, சுத்திவர இருந்த ஆம்பிளையளுக்கெல்லாம் அவர்தானே குடுத்தவர். உங்கடையாளும் அதைத்தானே கட்டியிருந்தவர்."

உண்மைதான். நீலக் கட்டம் போட்ட சாரம். பஸ் ஏறும்போதும் அதைத்தான் கட்டியிருந்தார்.

"ஷெல் வந்துகொண்டிருக்கு. அந்தப் பெடியங்களுக்குப் போகோணும். ஆற்றையோ ஒரு பிள்ளையள் அவையும். ஓமோ இல்லையோ எண்டு கேக்கினம். இல்லை எண்டா அதை எங்கையேன் எறிஞ்சுபோட்டுப் போவினம். பேந்து நான் ஒவ்வொரு பாயாத் திறந்து பாக்கோணும். என்னாலை ஏலாமல் போச்சு. ஓம் எண்டு சொல்லித் தாட்டுப்போட்டன்."

"ஒருத்தருக்கும் நீர் இதைச் சொன்னதில்லை."

"உங்களுக்குத்தான் சொல்லுறன். அதுகும் ஏன் தெரியுமே? நீங்கள் பொட்டோடை கோவிலுக்கு வாற ஒவ்வொரு கிழமையும் அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வராது. உங்கடையாள் வருவார் எண்டா என்ரையாளும் ஏன் வரக்கூடாது? நான் அவசரப்பட்டிட்டனோ? ஆற்றையோ ஆளைத் தாட்டுப்போட்டு, என்ரை மனுசனைச் சாகடிச்சுப்போட்டனோ?" அவள் என்னைப் பார்த்தாள். "அதுதான் அக்கா. உங்கடையாளும் அந்தப் படியிலை இருந்திட்டா எனக்கு நித்திரை வரும் எண்டு நினைச்சன். நல்லதுக்கு எண்டு சொன்னது எனக்குத்தான்."

இவ்வளவு காலமும் எதைப் பார்த்து நான் எரிந்தேனோ அது அவளிடம் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் பாயில் சுற்றின யாரோ ஒருவர். எங்கேயோ ஒரு பெண் அந்த ஆளுக்காகப் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கலாம். இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம்தான் வந்தது. நான் பொறாமைப்பட்டது வீணாய்ப் போனது என்ற கோபம்.

"அப்ப உன்ரையாளின்ரை மாலையையும் கழட்டு" என்றேன்.

"என்ன?"

"தெரியாதெண்டா தெரியாதுதானே. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னோடை இதிலை இரு. பின்வாங்கிலை இடம் கிடக்கு."

சொல்லும்போது எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. அவள் வருவாள் என்று உண்மையில் நினைத்தேன். வந்தால் அந்த வாங்கில் நான் தனியே இருக்க வேண்டியதில்லை என்றும் நினைத்தேன்.

அவள் எழும்பி நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசல் மட்டும் போய் நின்றேன். கோவிலில் ஒருவரும் இல்லை, திரிகள் மட்டும் எரிந்தன. அவள் படிக்கு முன்னால் நின்றாள். கையை நீட்டித் துணிக்கடைக்காரரின் மாலையைப் பிடித்தாள். சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து அதைத் தூக்கினாள். மற்ற மூலையில் அது கொழுவிக்கொண்டு நின்றது. அப்படியே கனநேரம் நின்றாள்.

பிறகு தூக்கின மூலையைத் திரும்ப மாட்டினாள். கையில் இருந்த மற்ற மாலையையும், என்னுடையவருக்கு என்று கட்டினதை, அதற்கு மேலே போட்டாள். நசிந்த பூக்களை விரலால் நிமிர்த்தினாள். சட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். இப்போது அவள் அழுதாள். நன்றாக, சத்தமாக, புருசனை இழந்த ஒருத்தி அழுவது போல.

எனக்கு எரிந்த எரிவு. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிற அளவுக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் அவள் முடிவு எடுத்தாள். அன்றைக்கு ஷெல்லுக்குள் எடுத்தாள், இன்றைக்கு அமைதியாக நின்று இன்னொரு தரம் எடுத்தாள். எனக்கு அந்தக் கை இல்லை. பட்டுச் சுவரும் கப்பலும் சட்டமும் போகட்டும். அந்தக் கையைத்தான் நான் கேட்டேன்.

நான் உள்ளே போகவில்லை. மகள் கார் எடுத்துவருகிறேன் என்றாள். நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பல்லரோப் பக்கமாக நடந்தேன். சந்தைக்காரர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டும் கூவலும் ஓய்ந்த நேரம். மரக்கறி விற்கிற கிழவன் ஒருவன், நான் எப்போதும் வெங்காயம் வாங்குகிறவன், என்னைக் கண்டு நிமிர்ந்தான். படத்தைப் பார்த்தான். கோட்டுப் போட்ட மனிதர், மரித்தோர் திருநாள், வயதுபோன பொம்பிளை. வேறு என்ன நினைப்பான்? தொப்பியைக் கழற்றினான்.

"உங்கள் புருசனா, சிஞ்ஞோரா?" என்று கேட்டான் தன் பாஷையில். "எப்போது காலமானார்?"

வருவார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்கு இத்தாலியன் பாஷையில் எனக்குச் சொல் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரவில்லை.

"நொன் லோ சோ" என்றேன். எனக்குத் தெரியாது.

அவரைப் பற்றிக் கேட்ட ஒருவருக்கு வாழ்க்கையில் முதல் தரம் அந்தப் பதிலைச் சொன்னேன், அதுவும் ஒரு வெங்காயக்காரனுக்கு. அவன் படத்தையும் என் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தான். தொப்பியைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவனைத் தாண்டி வீட்டுக்கு நடந்தேன்.